டாங்கி இல்லாமல் டாங்கிப் படம்: வன்னியில் குறும்படம் எடுப்பவர்களுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குறும்படம் எடுக்கிற இளையவர்கள் டாங்கிக் கதை என்றதும் பின்வாங்குவார்கள். "டாங்கிக்கு எங்க போறது?" என்பதுதான் முதல் கேள்வி. உண்மையில் போர்க்கதைகளில் ஆகக் குறைந்த காசில் எடுக்கக்கூடியது அதுதான். நாலு நடிகர், இரண்டு மீற்றருக்கும் குறைந்த அகலத்தில் ஒரு பெட்டி, கவனமாகச் செய்த ஒலி. வெளியில் டாங்கி ஓடுவதை ஒரு தடவைகூடக் காட்டத் தேவையில்லை. 2009இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்ற 'லெபனான்', தொடக்கமும் முடிவும் தவிர, முழுக்க டாங்கிக்குள்ளேயே நடக்கிறது. அதை எடுத்த சாமுவேல் மாவோஸ் 1982 போரில் டாங்கிச் சூட்டாளராக இருந்தவர்.

வன்னியில் எடுப்பவருக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. இங்கே படம் பார்க்கப் போகிற சனம் பங்கருக்குள் படுத்திருந்து காதால் படித்த சனம். செல் குத்துகிற (ஏவுகிற) சத்தம் எது, விழுகிற சத்தம் எது, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். படத்தில் பிழை விட்டால் முதல் வரிசையில் இருக்கிற அம்மாவே சிரித்துவிடுவார்.

எந்த டாங்கி என்று முதலில் முடிவெடுங்கள்

கதை எழுதும் முன் இதை முடிவு செய்யவேண்டும். உள்ளே எத்தனை பேர், யார் யாருக்குப் பின்னால் இருக்கிறார் என்பதெல்லாம் டாங்கியைப் பொறுத்தது. இரண்டாம் உலகப்போர்க் கதை என்றால் அமெரிக்க ஷெர்மனிலும் ஜெர்மன் டைகரிலும் ஐந்து பேர். இங்கே எடுப்பதற்கு சோவியத் ரி-55 பொருத்தம். இலங்கை இராணுவம் 1991 முதல் பாவித்த வகை அது. உலகில் பல நாடுகளில் ஓடியதால், பெயர் சொல்லாத ஒரு நாட்டின் கதையாகவும் வைக்கலாம். நாலு பேர்தான், ஆள் கண்டுபிடிப்பதும் சுகம்.

ரி-55இன் கணக்கு இது. எடை ஏறக்குறைய 36 தொன். 100 மி.மீ பீரங்கி. உள்ளே 43 குண்டுகள். சாரதி முன்னால் இடப்பக்கம், தனியே. கோபுரத்துக்குள், அதாவது பீரங்கியோடு சுற்றுகிற மேற்பகுதிக்குள், பீரங்கிக்கு இடப்பக்கம் சூட்டாளர், அவருடைய முதுகை முட்டிக்கொண்டு பின்னால் சற்று உயரத்தில் கட்டளையாளர். பீரங்கிக்கு வலப்பக்கம் குண்டேற்றுபவர் தனியே. ஆக, இடப்பக்கம் இருவர் நெருக்கியடித்துக்கொண்டு, வலப்பக்கம் ஒருவர், நடுவில் இரும்பு. ஒருவர் முகத்தை மற்றவர் நேராகப் பார்க்க வழியில்லை. நாலு பேரும் வட்டமாக இருந்து முகம் பார்த்துப் பேசுகிற காட்சி எழுதினால் அது டாங்கிப் படமில்லை, தேநீர்க்கடைப் படம்.

வெளித்தோற்றத்தில் பெரிய படங்களே கோட்டை விட்டிருக்கின்றன. 1965இல் வந்த ஹொலிவூட் படமான 'பற்றில் ஒஃப் த பல்ஜ்' ஜெர்மன் டாங்கிகளுக்குப் பதிலாகப் போருக்குப் பிந்திய அமெரிக்க எம்-47களை ஓடவிட்டது. 2014இல் 'ஃபியூரி' எடுத்தவர்கள் இங்கிலாந்தின் பொவிங்டன் அருங்காட்சியகத்தில் இருந்து ஓடுகிற உண்மையான டைகரையே கொண்டுவந்தார்கள். உங்களுக்கு இரண்டும் வேண்டாம். இரும்பின் மேற்பரப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆனையிறவுக்குப் போனால் போதும். 1991 சண்டையில் பாவித்த கவச புல்டோசர் ஏ9 ஓரம் காட்சிக்கு நிற்கிறது. தகடு பொருந்துகிற இடத்தில் ஒட்டு எவ்வளவு தடிப்பாக வழிந்திருக்கிறது, விளிம்பில் கறள் எப்படிப் பிடித்திருக்கிறது என்று கிட்டப் பாருங்கள். பெயின்ற் அடிக்கிறவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

பெட்டி கட்டுவது

ரி-55 கோபுர வளையத்தின் விட்டம் ஏறக்குறைய 1.8 மீற்றர். அதே அளவில் கட்டுங்கள். "கமராவுக்கு இடம் வேணும்" என்று 2.5 மீற்றராக்கினால் நடிகர் கைகால் நீட்டத் தொடங்கிவிடுவார், அங்கேயே கதை போய்விடும். கூரை 1.6 மீற்றர் உயரத்தில் இருக்கட்டும். ஆறடி ஆள் நிமிர முடியாது, குனிந்தே வேலை செய்யவேண்டும். பத்து நிமிடத்தில் கழுத்து நோவது முகத்தில் தெரியும். அதை நடிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

சட்டத்துக்கு 2×2 மரம், சுவருக்கு 9 மி.மீ பிளைவுட். வளைந்த பகுதிக்கு 4 மி.மீ பிளைவுட்டை நனைத்து வளைத்து ஆணி அடிக்கலாம். உட்சுவர் மெல்லிய வெளிர் நிறம். வெளியே பச்சை என்றபடியால் உள்ளேயும் பச்சை அடித்துவிடுகிறார்கள். இருட்டுக்குள் கொஞ்ச வெளிச்சமாவது எதிரொலிக்க வேண்டும் என்பதற்காக உள்ளே வெளிர் நிறந்தான் அடிப்பது வழக்கம், உங்கள் லைற்றுக்கும் அது உதவும். கை படுகிற இடங்களில் மட்டும் நிறம் தேய்ந்திருக்கட்டும். எல்லா இடமும் அழுக்காக்கினால் அழுக்கே தெரியாது. றெஜிஃபோம் பாவிக்கவே வேண்டாம். லைற் சூட்டில் உருகும், பற்றினால் நச்சுப்புகை, உள்ளே நாலு பேர்.

ஊர்ப் பொதுநோக்கு மண்டபமோ வெறுமையாக இருக்கிற நெல் களஞ்சியமோ இதற்குத் தோது. பெட்டியின் அடியில் நாலு லொறி ரியூப்பை அரைவாசிக் காற்றோடு வையுங்கள். இரண்டு பக்கமும் நீட்டிய மரத்தை இருவர் பிடித்து ஆட்டினால் டாங்கி ஓடும். ஒரே சீராக ஆட்டுவது இங்கே வழமையாக நடக்கிற பிழை. டாங்கி நிற்கும்போது மூக்குக் குத்தி, பிறகு பின்னுக்கு ஒருதரம் அசைந்துதான் அடங்கும். அந்தக் கடைசி அசைவை ஆட்டுகிறவர்கள் மறந்துவிடுவார்கள். சுடும்போதும் அப்படித்தான், முழுப் பெட்டியும் ஒரே தள்ளில் பின்னால் போய்த் திரும்பவேண்டும்.

சுவர்களைக் கழற்றக்கூடியதாகச் செய்யுங்கள், ஆனால் கழற்றிய சுவருக்கு வெளியே கமராவைப் பின்னுக்கு இழுக்காதீர்கள். லென்சின் முகம் சுவர் இருந்த கோட்டிலேயே நிற்கட்டும். உள்ளே மனிதக் கண் இருக்கக்கூடிய இடத்தில் மட்டும் கமரா இருந்தால் பார்ப்பவருக்கும் மூச்சு முட்டும். ஒரேயொரு காட்சியில் சுவரைத் தாண்டி எட்ட நின்று எடுத்தாலும், அதற்குப் பிறகு இது பலகைப் பெட்டி என்று தெரிந்துவிடும்.

சூடு பற்றி ஒரு சொல். வைகாசி முதல் ஆவணி வரை தகரக் கூரைக்குக் கீழ் மத்தியானத்தில் இதற்குள் ஆள் இருக்கக்கூடாது. விடிய ஆறு முதல் பத்துவரை, பின்னேரம் நாலுக்குப் பிறகு. இருபது நிமிடத்துக்கு ஒருக்கால் எல்லாரும் வெளியே வந்து தண்ணீர் குடிக்கவேண்டும். பின்சுவர் ஒன்று எப்போதும் கொளுவி மட்டும் போட்டு, ஒரே தள்ளில் விழக்கூடியதாக இருக்கட்டும்.

குண்டும் பின்னடிப்பும்

ஒரு 100 மி.மீ குண்டு கோதோடு (வெடிமருந்து அடைத்த உறை) ஏறக்குறைய 30 கிலோ, நீளம் ஒரு மீற்றருக்குக் கிட்ட. குறும்படங்களில் இதை வெறும் பிவிசி குழாயில் செய்து நடிகரிடம் கொடுக்கிறார்கள். அவர் குடையைத் தூக்குகிற மாதிரித் தூக்குவார். 110 மி.மீ குழாயில் அடியிலிருந்து 75 சென்ரிமீற்றருக்குக் காய்ந்த மணல் நிரப்பி மூடினால் பத்துக் கிலோவுக்குக் கிட்ட வரும். தோளும் முதுகும் உண்மை பேச அது போதும், பல தடவை எடுத்தாலும் ஆளுக்குக் காயம் வராது. கோதுப் பகுதி குண்டைவிடத் தடிப்பாகத் தெரிய, கீழ்ப்பகுதிக்கு மேல் கடதாசி மட்டையைச் சுற்றி ஒட்டிப் பித்தளை நிறம் அடிக்கலாம்.

ஏற்றுகிற விதத்தை நடிகர் நூறு தரம் பழகவேண்டும். ரி-55இல் குண்டேற்றுபவர் வலப்பக்கம் நிற்பதால், கடைசித் தள்ளு இடக்கையால். அதுவும் விரித்த கையால் இல்லை, பொத்திய கையால். குண்டு உள்ளே போனதும் பீரங்கியின் பின்வாயைப் பூட்டுக்கட்டை தானாகவே சறுக்கி மூடும். விரல் நீண்டிருந்தால் விரல் போய்விடும். பொத்திய கை, ஒரு தள்ளு, கையை உடனே இழுத்தல், உடம்பைச் சுவரோடு ஒதுக்குதல், பிறகுதான் "ஏத்தியாச்சு". இந்த ஐந்தும் ஒரே மூச்சில் வந்தால், பயிற்சி பெற்ற ஆள் என்று ஒரு வசனமும் இல்லாமல் பார்ப்பவருக்கு விளங்கும்.

சுட்டதும் பீரங்கியின் பின்பகுதி ஏறக்குறைய அரை மீற்றர் பின்னால் அடித்துத் திரும்பும். இதைச் செய்ய அலுமாரி லாச்சியின் 50 சென்ரிமீற்றர் றெயில் இரண்டு போதும். மேலே மரக்கட்டை, பின்னால் இழுக்கக் கயிறு, திரும்பி வரச் சைக்கிள் ரியூப். போவது ஒரு வெட்டில், திரும்புவது கொஞ்சம் ஆறுதலாக. திரும்பியதும் பூட்டு திறந்து வெறுங்கோது பின்னால் விழும், அதோடு புகை. புகைக்கு மேடையில் பாவிக்கிற புகை மெசின் கொஞ்சம் போதும். ரயர் எரிக்கிற யோசனை வந்தால் அந்த ஆளைப் பெட்டிக்குக் கிட்ட விடாதீர்கள். பின்னடிக்கிற பாதையில் யாருடைய கையோ தலையோ இருந்தால் அந்தக் காட்சி செல்லாது. உண்மையில் அங்கே இருந்தவர் உயிரோடு இருக்கமாட்டார்.

நல்ல அணிக்கே நிமிடத்துக்கு நாலைந்து குண்டுதான். ஆகவே இரண்டு சூட்டுக்கு நடுவில் பத்துப் பதினைந்து விநாடி உண்டு. வெட்டி எறியாதீர்கள். படத்தின் பயமெல்லாம் அந்தப் பதினைந்து விநாடிக்குள்தான் இருக்கிறது. 43இல் எத்தனை போயிற்று என்று கதை எழுதும்போதே பக்க ஓரத்தில் எண்ணிக்கொண்டு வாருங்கள். அதில் 18 சாரதிக்குப் பக்கத்தில் முன்பகுதியில் அடுக்கியிருக்கும், ஏற்றுபவருக்குக் கைக்கெட்டியதாக இல்லை.

கண்ணாடிக்குள் தெரிவது

சூட்டாளரின் நோக்குக்கண்ணாடி 3.5 மடங்கும் 7 மடங்கும் பெருக்கும். 7 மடங்கில் பார்வை 9 பாகை மட்டுமே. 1000 மீற்றரில் 160 மீற்றர் அகலத்துக்கும் குறைவு. அதற்கு வெளியில் என்ன நடந்தாலும் அவருக்குத் தெரியாது. 600 மீற்றரில் நிற்கிற ஆள், வெறுங்கண்ணுக்கு 85 மீற்றரில் நிற்கிறவர் அளவுக்குத் தெரிவார். நடக்கிறாரா, தூக்கிக்கொண்டு போவது என்ன என்பது தெரியும். கண்ணீர் தெரியாது. 'லெபனான்' கண்ணாடிக்குள் முகங்களை அவ்வளவு கிட்டக் காட்டுவது தெரிந்தே எடுத்த முடிவு. கதைக்கு அது தேவைப்பட்டது. உங்களுக்கும் தேவை என்றால் அப்படிச் செய்யுங்கள், தெரியாமல் செய்யாதீர்கள்.

அறுவடை முடிந்த வயல் ஒன்றில், உண்மையாகவே 85 மீற்றரில் ஆளை நிறுத்தி, சாதாரண லென்சால் எடுத்து, வட்டமாகக் கறுப்பு மறைப்புப் போட்டால் 7 மடங்குக் காட்சி கிடைத்துவிடும். காலை ஒன்பதுக்குப் பிறகு தரையில் கானல் ஆடும், அதையும் விடுங்கள், உண்மைதான். நடுவில் சிவப்புச் சிலுவைக்கோடு வேண்டாம். சோவியத் கண்ணாடியில் மேல்நோக்கிய கூர்முனைக் குறியும், பக்கத்தில் தூரம் எழுதிய கோடுகளும் இருக்கும். பழைய ரி-55இல் லேசர் இல்லை. எதிரி டாங்கி 2.7 மீற்றர் உயரம் என்று வைத்து, அது எந்தக் கோட்டுக்குள் அடங்குகிறது என்று பார்த்துத் தூரம் மதிப்பார்கள். மதிப்புப் பிழைக்கும். முதல் குண்டு கட்டையாக, இலக்குக்கு முன்னாலேயே, விழுவது வழக்கம். முதல் குண்டே நெற்றியில் படுகிற படங்கள் அலுப்புத் தருவதற்கும் இதுதான் காரணம்.

ஒலி

இங்கேதான் வன்னிப் பார்வையாளர் உங்களைச் சோதிப்பார்.

இயந்திரத்துக்கு உழவு மெசின் சத்தம் எடுக்காதீர்கள், இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். குளக்கட்டுத் திருத்த வேலைக்கோ றோட்டு வேலைக்கோ புல்டோசர் வந்தால் ஒப்பந்தகாரரிடம் கேட்டு ஒரு மணித்தியாலம் பதிவு செய்யுங்கள். சங்கிலி முன்னால் கடந்து போவது ஒருதரம், நின்று இரைவது ஒருதரம், சாரதி இருக்கைக்குக் கீழ் மைக் வைத்து ஒருதரம். ரி-55இன் இயந்திரம் 12 சிலிண்டர் டீசல், புல்டோசரைவிடச் செறிவாக இரையும். ஒரே பதிவை இரண்டாகப் போட்டு, ஒன்றின் சுருதியைச் சற்று ஏற்றி, சில மில்லிவிநாடி பிந்தவிட்டால் அந்தச் செறிவு கிட்டும். காற்று மறைப்புக்கு மைக்கில் பஞ்சு சுற்றாமல் சோளகத்தில் வெளியே பதியவே முடியாது.

உள்ளே பேச்செல்லாம் தலைக்கவசத்துக்குள்ளால் வரும். தொண்டையில் கட்டிய மைக். குரலை 300 முதல் 3000 ஹேர்ட்ஸுக்குள் வெட்டுங்கள். ஒருவர் கவசத்தைக் கழற்றினால் இயந்திர இரைச்சல் திடீரென ஏறவேண்டும், அவருடைய சொல் யாருக்கும் கேட்கக்கூடாது. கழற்றிவிட்டு வீரவசனம் பேசுகிற காட்சி எழுதியிருந்தால் இப்போதே அடித்துவிடலாம்.

சுடுகிற சத்தம் உள்ளே இருப்பவருக்கு வெடி இல்லை. நெஞ்சில் ஒரு குத்து, பிறகு இரும்பு இரும்போடு மோதுவது, கோது தரையில் உருள்வது. வெளியே இருப்பவருக்கு வேறு கணக்கு. இந்தப் பீரங்கியின் குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 900 மீற்றரில் வரும், சத்தம் 350 மீற்றரில். 700 மீற்றரில் நிற்கிற டாங்கி சுட்டால் குண்டு ஒரு விநாடிக்குள் வந்து வெடிக்கும், சுட்ட சத்தம் அதற்குப் பின் ஒரு விநாடிக்கு மேல் கழித்துத்தான் கேட்கும். கூவிக்கொண்டு வருகிற சத்தம் மோட்டார் செல்லுக்கும் ஆட்டிலறிக்கும். நேர்ச்சூட்டு டாங்கிக்குக் கூவல் போட்டால் படம் அங்கேயே முடிந்தது. முதலில் வெடி, பிறகு குத்து. இதைச் சரியாக வைத்தால் மண்டபத்தில் ஒரு சத்தமும் இராது.

வீரத்தை எங்கே வைப்பது

டாங்கிப் படங்களில் வீரம் பொய்யாவதற்குக் காரணம் ஒன்றுதான், நாலு பேர் செய்கிற வேலையை ஒருவருடைய நெஞ்சில் ஏற்றுவது. கட்டளையாளருக்குக் கண் உண்டு, பீரங்கி கையில் இல்லை. சூட்டாளருக்குப் பீரங்கி உண்டு, கண் 9 பாகை. ஏற்றுபவருக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது, தெரியாத ஒன்றுக்காகக் குண்டு தூக்குகிறார். சாரதி சொன்ன இடத்துக்குப் போகிறார். வசனமும் இதிலிருந்துதான் வரவேண்டும்.

"சாரதி, நில்."
"நிண்டிட்டன்."
"இடப்பக்கம். ஒற்றைப் பனை. அதுக்கு வலத்தில மண்மேடு. எண்ணூறு."
"பனை தெரியுது... மேடு தெரியேல்ல... பொறுங்கோ அண்ணை... இப்ப தெரியுது."
"ஏத்தியாச்சு."
"அடி."
"கட்டை. நூறு கூட்டு."
"அண்ணை, கைக்கெட்டினது நாலுதான் கிடக்கு. மிச்சம் முன்னுக்கு."

இதில் பயம் என்ற சொல் இல்லை. பயத்தைப் பிழையில் காட்டுங்கள். எண்ணூறு என்றதை எழுநூறு என்று திருப்பிச் சொல்வது, பூட்டு மூட முன் "ஏத்தியாச்சு" என்பது, நில் என்ற பிறகும் சாரதி இரண்டு மீற்றர் உருட்டுவது.

தலையை மூடிக்கு வெளியே நீட்டி நிற்கிற கட்டளையாளரைப் பார்த்து "சினிமா" என்று சிரிப்பவர்கள் உண்டு. அது பொய்யில்லை. மூடினால் குருடாகும் என்பதால் உலகம் முழுக்கக் கட்டளையாளர்கள் தலையை வெளியே வைத்தார்கள், அதனாலேயே நிறையப் பேர் செத்தார்கள். பொய்யாவது இடுப்புவரை எழும்பி நிற்பதுதான். கண்மட்டம் வெளியே, மிச்சம் உள்ளே. இதைச் சரியாக வைத்தால் அந்த ஒரு நிலைப்பாட்டிலேயே துணிவும் தெரியும், விலையும் தெரியும்.

1971 டிசம்பர் 16இல் பசந்தர் சண்டையில், பற்றிய டாங்கியை விட்டு இறங்கச் சொன்ன கட்டளையை ஏற்காமல் சண்டையிட்டு இறந்த இந்திய அதிகாரி அருண் கேதர்பாலுக்கு 21 வயது. இந்தியாவின் அதியுயர் போர் விருதான பரம்வீர் சக்கரம் அவருக்கு. அந்த செஞ்சூரியனுக்குள் அவரோடு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். கதை தேடுகிறவர் அந்த மூன்று பேரின் பக்கம் இருந்து தொடங்கலாம், அங்கே கட்டளை மறுத்தவரும் இல்லை, கேட்கப்பட்டவரும் இல்லை.

உண்மை விவரமே வீரத்துக்கு இடம் கொடுக்கும் ஒரு உதாரணம்: பீரங்கிக் குழாய் சாரதியின் தலைக்கு மேல் தாழ்ந்து நின்றால் அவர் தன் மூடியால் வெளியேறுவது கஷ்டம். மின்சாரம் செத்த டாங்கியில் கோபுரத்தைக் கைப்பிடியால்தான் சுற்றவேண்டும். பற்றுகிற டாங்கிக்குள் சூட்டாளர் இறங்காமல் இருந்து, சாரதிக்காகக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார். வசனம் ஒன்றும் வேண்டாம். கைப்பிடி எத்தனை சுற்றுக்கு எவ்வளவு அசைகிறது என்று முதல் காட்சிகளில் ஒருதரம் காட்டி வைத்தால் போதும்.

அடிபட்ட டாங்கி உடனே பந்தமாக எழும்புவதும் கட்டாயமில்லை. துளைத்த இடம் சிறிய ஓட்டை, உள்ளேதான் எல்லாம். பற்றுவது குண்டுகளாலும் எண்ணெயாலும். ஷெர்மன்களைப் பற்றிய 1945 அமெரிக்க இராணுவ ஆய்வில், குண்டுகளைச் சும்மா அடுக்கிய டாங்கிகள் துளைக்கப்பட்டால் 60 முதல் 80 வீதம் எரிந்தன, நீர்க்கலவை சூழ அடுக்கியவை 10 முதல் 15 வீதம். ஆகவே அடிபட்ட பிறகு சில விநாடி ஒன்றும் நடக்காமல் விடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மண்மேட்டுக்குப் பின்னால் யார் இருந்தது என்பது இங்கே பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியும், அவர்கள் அந்தப் பக்கம் இருந்தவர்கள். கண்ணாடிக்குள் தெரிந்த ஆட்களைப் பற்றிக் கதை ஒரு சொல்லும் பேசாமல் முடிந்தால், மிச்சமெல்லாம் சரியாக இருந்தாலும் கேள்வி வரும்.

சில்லறை, ஆனால் தவறவிடக் கூடாதவை

உருமறைப்புச் சீருடைத் துணி பொதுமக்கள் அணிவது இலங்கையில் சட்டச் சிக்கல். டாங்கிக்காரர் ஒரே நிற மேலங்கி போடுவதும் உண்டு என்பதால் கராஜ் ஓவரோல் போதும், எந்தப் படையின் சின்னமும் வேண்டாம். வெளிக்காட்சிக்கு முன் கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் எழுத்தில் கொடுங்கள். ட்ரோனுக்குத் தனி அனுமதி. பற்றைக்குள் கிடக்கிற பழைய கோது, இரும்பு எதையும் 'படத்துக்கு நல்லா இருக்கும்' என்று தொடவேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் ஓர் அடியும் வேண்டாம். பலகை இல்லாத இடம் என்றாலும், ஆட்கள் விதைக்கிற வயலிலும் நடக்கிற ஒழுங்கையிலும் மட்டும் எடுங்கள்.

திரையிடும்போது சத்தம் வரும் என்று முன்னமே சொல்லி, வெளியே போக விரும்புகிறவர்களுக்குக் கதவுப் பக்கத்தில் கதிரை போடுங்கள். வெடிக்காட்சியில் அடிச்சத்தப் பெட்டியை நிறுத்திவிட்டுச் சாதாரண ஸ்பீக்கரில் விடலாம். வெடிக்கும் குத்துக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு விநாடி எந்த ஸ்பீக்கரிலும் அப்படியேதான் கேட்கும்.